எஞ்சின் மூடிக்கு எந்தப் பூட்டு?

திருவானைக்காவல்
12.9.2024

அன்புத் தங்கை லூர்துக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் சுகம். மலைக்குளிரில் உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? வேளாங்கண்ணியில் கொடி இறங்கிய பிறகுதான் உன் அண்ணி பிரான்சி வீடு திரும்பினாள். உன் பெயருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாளாம்.

முகவரியைப் பார்த்துக் குழம்பாதே. இது பொன்மலைப்பட்டி வீடு இல்லை, நான் வாடகைக்கு எடுத்திருக்கும் பழைய அரிசி ஆலைக் கொட்டகை. ரிட்டயர் ஆனதிலிருந்து நான் கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சீட்டு விமானம் இங்கேதான் நிற்கிறது. பதிலையும் இங்கேயே போடு. வீட்டுக்குப் போட்டால் உன் அண்ணி வழக்கம்போல ஜெபமாலை முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்துச் சத்தமாக வாசிப்பாள். உன் கன்னியர் மடத்திலிருந்து வரும் கடிதம் யார் பெயருக்கு வந்தாலும் அவளுக்கு அது பூசையில் வாசிக்கும் பவுலடியார் திருமுகம் மாதிரி. நட்டு, ஸ்க்ரூ விஷயத்துக்கெல்லாம் ஆமென் சொல்ல வேண்டாம்.

நீ மடத்துக்குப் போகுமுன் பெங்களூரில் ஒன்பது வருடம் விமானப் பராமரிப்பில் இருந்தவள். அதனால் கேட்கிறேன். எஞ்சினுக்கு மேல் வரும் ஃபைபர் மூடி தயார். மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு துண்டு. எதை வைத்து மூட்டுவது? நாற்பது ஸ்க்ரூ போடலாம் என்கிறார்கள். நீளக் கீல் வைத்து அதற்குள் ஒரே கம்பியை நுழைக்கலாம் என்கிறார்கள். இல்லாவிட்டால் குவார்ட்டர் டர்ன். அதை ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்று திருப்பினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும், திருப்பித் திருகினால் திறந்துகொள்ளும்.

எனக்கு ஸ்க்ரூதான் பிடித்திருக்கிறது. மூடினால் மூடியதாக இருக்க வேண்டும். வருகிறவன் போகிறவன் எல்லாம் திறந்து மூக்கை நுழைக்கக் கூடாது. ஓட்டப்போவது நம் அனிஷாதான். பைலட் லைசென்ஸ் வாங்கிவிட்டு இன்சூரன்ஸ் ஆபீசில் பாலிசி எழுதிக்கொண்டிருக்கிறாள், பாவம். மகளை நான் கட்டிய விமானத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.
உன் அண்ணன்,
சகாயநாதன்


மலைமடம், ஏற்காடு
29.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்குப் புகழ். மூட்டுவலியும் என்னோடு சேர்ந்து நிரந்தர வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டது, இனி மடத்தை விட்டுப் போகாது. அண்ணியின் மெழுகுவர்த்திக்கு நன்றி சொல்லுங்கள்.

ஸ்க்ரூ வேண்டாம். ஃபைபரில் அடிக்கடி கழற்றி மாட்டினால் ஓட்டை பெரிதாகும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் மனுஷர்தான். நாற்பது ஸ்க்ரூவைக் கழற்ற யாருக்கும் பொறுமை இருக்காது. திறக்கக் கஷ்டமான மூடியை யாரும் திறக்க மாட்டார்கள், உள்ளே எண்ணெய் கசிந்தாலும் ஒரு கம்பி தளர்ந்தாலும் பார்க்காமலே கிளம்புவார்கள். நான் இருந்த இடத்திலேயே பார்த்திருக்கிறேன். கீல் வைத்தாலோ எஞ்சின் அதிர்வில் கம்பி நுழையும் காதுகள் ஒவ்வொன்றாக ஒடியும். மேல் மூடிக்குக் குவார்ட்டர் டர்ன் போடுங்கள். ஒவ்வொரு தடவை பறக்குமுன்னும் அனிஷா திறந்து பார்க்க வேண்டும்.

மூக்கை நுழைக்கக் கூடாது என்று நீங்களா எழுதுவது? பாய்லர் ஆலையில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்து கைலாசபுரம் குடியிருப்பு முழுக்க 'ரிஜெக்ட் சகாயம்' என்று பெயர் வாங்கியவர் நீங்கள். பற்றவைத்தவன் தன் வேலைக்குத் தானே முத்திரை குத்தக் கூடாது என்று சாப்பாட்டு மேசையில்கூடச் சண்டை போடுவீர்களே. உங்கள் வேலையை யார் பார்க்கிறார்கள்? பொன்மலை ஒர்க்‌ஷாப் அருள்ராஜ் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் சரிபார்ப்பார் என்று முன்பு எழுதினீர்கள். இப்போதும் வருகிறாரா?

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அன்புடன்,
லூர்து


திருவானைக்காவல்
25.10.2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே மழை. கொள்ளிடத்தில் தண்ணீர் போகிறது. கல்லறைத் திருநாளுக்காக அப்பா அம்மா கல்லறைக்கு வெள்ளையடித்தாயிற்று. நீ சொன்னபடி குவார்ட்டர் டர்னுக்கே சொல்லிவிட்டேன், சந்தோஷமா?

ஒரு சந்தேகம். இதற்கு மேல் ஓட்டையும் கீழ் ஓட்டையும் நேருக்கு நேர் இருக்க வேண்டும் என்கிறார்கள். கொஞ்சம் தள்ளிப்போனால் என்ன ஆகும்? எவ்வளவு தள்ளிப்போகலாம்? ஓட்டை தள்ளிப்போனாலும் பிடிக்கிற ரகம் ஏதாவது உண்டா? பூட்டைப் பிடிக்கும் ரிவெட் ஆணி கோணலாக இறங்கினால் தாங்குமா? விவரமாக எழுது.

கடிதம் அச்சில் இருக்கிறதே என்று பார்க்காதே. கண் கொஞ்சம் மங்கல், கம்ப்யூட்டர்தான் வசதியாக இருக்கிறது. அருள்ராஜுக்கு வேறு வேலை. நான் ஒருவனே போதும்.

அன்புடன்,
சகாயநாதன்


மலைமடம், ஏற்காடு
17.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மழையில் நனைந்துகொண்டே கொட்டகைக்குப் போகாதீர்கள். இங்கே பனி இறங்கிவிட்டது, விடியற்காலைப் பூசைக்கு இரண்டு சால்வை.

கீழே பொருத்தும் பிடி இலேசாக அசைந்து கொடுக்கிற ரகம் உண்டு. ஓட்டை ஒரு மில்லி தள்ளியிருந்தாலும் பிடித்துக்கொள்ளும். இரண்டு தகடும் சேர்ந்து எவ்வளவு கனம் என்று அளந்து, அதற்கேற்ற நீளத்தில் பூட்டு வாங்குங்கள். நீளம் கூடினால் கடகடக்கும், குறைந்தால் ஸ்பிரிங் சீக்கிரம் களைத்துவிடும். பூட்டிய பிறகு ஒவ்வொன்றின் தலையிலும் மூடியிலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். கோடு நேராக இல்லையென்றால் பூட்டு விழவில்லை என்று தூரத்திலிருந்தே தெரியும்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இப்போது நான் கேட்கிறேன். தள்ளிப்போன ஓட்டையைப் பற்றி நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்? அரை மில்லி விலகினால் அடுத்தவன் வேலையைக் குப்பையில் போட்டவர் நீங்கள். அருள்ராஜ் அண்ணனுக்கு என்ன வேறு வேலை?

திருவருகைக் காலம் தொடங்கப்போகிறது. தெரியுமே, அந்த நாட்களிலும் தவக்காலத்திலும் எங்கள் மடத்தில் கடிதம் எழுதவும் மாட்டோம், வருவதைப் பிரிக்கவும் மாட்டோம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் உங்கள் பதில் என் கையில் இருக்க வேண்டும்.

லூர்து


திருவானைக்காவல்
28.12.2024

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். பிரான்சி கல்கல் பலகாரம் சுட்டாள், உனக்கு ஒரு டப்பா தனியாக வருகிறது. மடத்தில் எல்லோருக்கும் கொடு.

மூடி பொருத்தியாகிவிட்டது. நீ சொன்ன அசைகிற ரகம்தான், சிவப்புக் கோடும் போட்டாயிற்று. பறக்க அனுமதியும் வந்துவிட்டது. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் ஓடுபாதை கிடைத்திருக்கிறது. மார்ச் 22, சனிக்கிழமை. அனிஷா ஒரு சுற்று சுற்றி இறங்குவாள். ஆபீசில் லீவு சொல்லிவிட்டாள். வீட்டில் இப்போது இதே பேச்சுதான்.

வேறு விசேஷம் இல்லை.

சகாயநாதன்


மலைமடம், ஏற்காடு
14.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கல்கல் வந்தது. எல்லோரும் ருசித்துச் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் இறங்கவில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உங்கள் கை நடுங்குகிறதா? கடிதத்தை அச்சில் அடித்தீர்கள், ஆனால் கையெழுத்தைக் கையால்தானே போட வேண்டும். ஆலையில் ஆயிரம் தாளில் போட்ட கையெழுத்து அது. இப்போது உங்கள் பெயரே எனக்குப் படிக்க வரவில்லை. முதலில் யாரும் திறக்க முடியாத மூடி கேட்டீர்கள். பிறகு ஓட்டை தள்ளிப்போனாலும் பிடிக்கிற பூட்டு கேட்டீர்கள். அருள்ராஜ் அண்ணனைப் பற்றிக் கேட்டால் மழுப்புகிறீர்கள்.

அந்த மூடிக்குள் நீங்கள் போட்ட ஒவ்வொரு நட்டையும் நம்பித்தான் அனிஷா மேலே போகப்போகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. விமானத்தை விடச் சொல்லவில்லை. அனிஷாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் செய்த வேலையை இன்னொருவர் முதலிலிருந்து பார்க்கட்டும். தவக்காலத்துக்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட்டதாக எனக்குக் கடிதம் வர வேண்டும். இல்லையென்றால் நான் சொல்வேன்.

லூர்து


திருவானைக்காவல்
6.2.2025

லூர்துக்கு,

ஸ்ரீரங்கத்தில் இராப்பத்துக் கூட்டம் கலைகிற சமயம் உன் கடிதம் வந்தது. பதில் எழுத இத்தனை நாள் மனம் வரவில்லை.

ஆமாம், நடுங்குகிறது. போதுமா? வலது கை. தில்லை நகர் டாக்டர் நடுக்குவாதம் என்கிறார். மாத்திரை போட்டால் காலையில் கொஞ்ச நேரம் கை சொன்ன பேச்சைக் கேட்கும். அந்த நேரத்தில்தான் வேலை செய்கிறேன். அருள்ராஜ் ஒருநாள் பார்த்துவிட்டான். "நீ விடு சகாயம், நான் போடுறேன்"னு ஸ்பானரைப் பிடுங்கினான். "வெளியே போடா" என்றேன். போய்விட்டான். அதன் பிறகு வருவதில்லை.

பிரான்சிக்குத் தெரிந்தால் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டுவிடுவாள். அனிஷா ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் என் கையைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். அதை என்னால் தாங்க முடியாது. சின்ன வயதில் உடைந்த பொம்மை எல்லாவற்றையும் இந்தக் கையில்தானே கொண்டுவந்து கொடுத்தாள்.

உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது. நானே இரண்டிரண்டு தடவை பார்த்துவிட்டேன். நீ அவளுக்கு எழுதினால், எனக்குத் தங்கை என்று ஒருத்தி இருந்தாள் என்பதையே மறந்துவிடுவேன். இதை வெறும் கோபத்தில் எழுதவில்லை.

சகாயநாதன்


மலைமடம், ஏற்காடு
2.3.2025

அன்புள்ள அனிஷாவுக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். இந்தக் கடிதத்தில் உன் பெயர் இருந்தாலும், ஜெபமாலை முடிந்ததும் உன் அம்மாதான் பிரித்துச் சத்தமாக வாசிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உனக்கு எழுத எனக்கு வேறு முகவரி இல்லை. மடத்துப் போன் மரணச் செய்திக்கு மட்டும்தான். புதன்கிழமை சாம்பல் பூசிவிட்டால் ஈஸ்டர் வரை எனக்கு வாயும் இல்லை, பேனாவும் இல்லை.

அண்ணி, பாதியில் நிறுத்திவிடாதீர்கள். கடைசிவரை வாசியுங்கள்.

அனிஷா, உன் அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. நடுக்குவாதம். எஞ்சின் பக்கத்து வேலையெல்லாம் அந்தக் கையால் செய்தது. யாரும் சரிபார்க்கவில்லை. அருள்ராஜ் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் மூடியைத் திறந்து, ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார். அதுவரை அந்த விமானத்தில் ஏறாதே.

அண்ணா, நீங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எல்லோர் முன்னாலும் உங்களைத் தலைகுனிய வைக்கிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்கிறேன்.

அத்தை லூர்து


பொன்மலைப்பட்டி
10.3.2025

அன்புள்ள அத்தைக்கு,

இது ஈஸ்டர் அன்றுதான் உங்கள் கைக்கு வரும் என்று தெரியும். தெரிந்தும் இப்போதே எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் நினைத்தபடியே அம்மாதான் வாசித்தார்கள். "அண்ணி, பாதியில் நிறுத்திவிடாதீர்கள்" என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டார்கள். நான் வாங்கி மீதியை வாசித்தேன். அப்பா கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்ப்பா"ன்னு சொன்னேன்.

"என்னடி தெரியும்?"

"ஒரு வருஷமா தெரியும். அம்மாவுக்கும் தெரியும். உங்களுக்கு ரசத்தைத் தட்டுல ஊத்தாம கிண்ணத்துல குடுக்குறாங்களே, ஏன்னு நினைச்சீங்க?"

அத்தை, நான் உங்களிடமும் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா முதல் பூசைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அருள்ராஜ் மாமாவும் மாற்றுச் சாவி போட்டுக் கொட்டகைக்குப் போவோம். அப்பா போட்டதில் சந்தேகமானதை எல்லாம் கழற்றிவிட்டு நாங்கள் புதிதாகப் போட்டோம். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் கட்டிய விமானம் என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான் இருந்தோம். அதனால் அன்று உங்கள் மேல் எனக்குக் கோபமாக வந்தது. நாங்கள் பொத்திப் பொத்தி வைத்ததை இப்படி உடைத்துவிட்டார்களே என்று அழுதேன்.

மறுநாள் அப்பாவே போய் மாமாவை அழைத்துவர, மூன்று பேரும் சேர்ந்து மூடியைத் திறந்தோம். கால் சுற்று, கால் சுற்று என்று ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. மாமா டார்ச் அடித்தார். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கேபிள் முனையில் ஒரு நட்டு உண்டல்லவா, அது கழலாமல் இருக்கக் குறுக்கே செருகும் ஸ்பிளிட் பின் அங்கே இல்லை. நட்டை விரலால் தொட்டேன், சுற்றியது.

"இதை நாந்தானே மாட்டினேன்"னு சொன்னேன்.

அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். போன மாதம் பார்த்தபோது அந்த ஸ்பிளிட் பின் அவர் வளைக்கிற மாதிரி வளைந்திருக்கவில்லையாம். தன் கைதான் தப்பாக வளைத்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிவிட்டாராம். புதிதாகச் செருகப் பார்த்திருக்கிறார், அன்றைக்குக் கை ஒத்துழைக்கவில்லை. மறுநாள் போடலாம் என்று மூடியைப் பூட்டியவர் மறந்துவிட்டார். நான் அதை ஏற்கெனவே மாட்டியாயிற்று என்று திரும்பப் பார்க்கவே இல்லை.

நான் சொல்லியிருந்தால் அவர் பிடுங்கியிருக்க மாட்டார். அவர் சொல்லியிருந்தால் நான் மாட்டியிருப்பேன். 22ஆம் தேதி மேலே போயிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் போகிறது. இனி அப்பாவிடம் எதையும் மறைக்க மாட்டேன் அத்தை.

உங்கள் அனிஷா


பொன்மலைப்பட்டி
30.3.2025

லூர்துக்கு,

இனி அச்சில் அடிக்கிற வேலை இல்லை. நான் சொல்கிறேன், அனிஷா எழுதுகிறாள்.

உன் கடிதத்தை வாசித்த மறுநாளே அருள்ராஜ் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அவன் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். இப்போது அவனும் இவளும் வேலை செய்கிறார்கள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். இந்த ஒரு வருடத்தில் நான் செய்ததில் பாதிக்குமேல் நானே ரிஜெக்ட் செய்தேன். பறப்பதைத் தள்ளிவைத்தாயிற்று.

நீ செய்தது சரி என்று எனக்குத் தெரிகிறது. எழுதாமல் இருந்திருந்தால் என் மகளுக்கு நானே எமனாகியிருப்பேன். "இதையெல்லாம் எழுதணுமாப்பா?" என்று கேட்கிறாள். எழுது என்கிறேன்.

ஆனால் அன்றைக்குப் பிரான்சி வாசித்துக்கொண்டு வந்து என் பேச்சு வரப்போகிற இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாளே, அந்தப் பார்வைக்காக உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் வரவில்லை. வரவழைத்துப் பார்க்கிறேன், முடியவில்லை. பொய்யாக மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்குத் தெரியாது. வரும்போது எழுதுகிறேன்.

ஈஸ்டர் வாழ்த்துகள். மூட்டுக்குத் தைலம் அனுப்புகிறோம்.

சகாயநாதன்


மலைமடம், ஏற்காடு
21.4.2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் அனிஷாவுக்கும்,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். நேற்றுப் பூசை முடிந்ததும் மதர் உங்கள் கடிதங்களைக் கொடுத்தார்கள். தைலமும் வந்தது, நேற்றிரவே தடவினேன்.

அண்ணா, நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. இன்னொரு முறை இப்படி வந்தாலும் இதையேதான் செய்வேன். நீங்கள் அவசரப்பட்டு மன்னிக்கவும் வேண்டாம். என்னைத் திட்டுவதற்காவது கடிதம் எழுதுகிறீர்கள், அது போதும்.

என் கடிதம் வந்து சேர்ந்ததா, யாராவது வாசித்தார்களா, அனிஷா மூடியைத் திறந்தாளா, எதுவும் எனக்குத் தெரியாது. மார்ச் 22 அன்று காலையில் சமையற்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆபீசில் போன் அடித்தது. எங்கள் மடத்தில் அது அடிப்பதே அபூர்வம். எடுத்த சகோதரி யார் பெயரையும் கூப்பிடாமல் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அது கேஸ் சிலிண்டர்காரர். அன்று மாலை வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை அண்ணா. உங்களுக்கு ஒவ்வொரு நாளும் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் கொஞ்சம் தெரிந்தது. அதற்கு முன்னால் தெரிந்திருந்தால் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். எழுதாமல் இருந்திருக்க மாட்டேன்.

அனிஷா, வேலை முடிந்து, மூன்று பேரும் பார்த்து, அப்பா சரி என்று சொன்ன பிறகு ஏறு. எனக்காக அவசரப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். பறக்கப்போகும் தேதியை எனக்கு எழுதாதே. இறங்கிய பிறகு எழுது.

எப்போதும் உங்கள்,
லூர்து